பாவிக்காத ட்ரம்

ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் கணேசலிங்கத்தின் சலூனுக்கு அந்தக் கதை ஒரு சனிக்கிழமை காலை வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் விஜயரத்தினம். அவருக்கும் அது நேரே தெரிந்த கதையல்ல. அவருடைய மனைவியின் தம்பி முன்பு பாலைவனத்தில் ஒரு வெளிநாட்டுப் படைத்தளத்துக் குசினியில் சமையலுக்கு நின்றவன். அவனுக்கு யாரோ சொல்லி, அவன் இவருக்குச் சொன்னது.

"நஞ்சு கிடந்த ட்ரம்மைக் களவெடுத்துக்கொண்டு போய், அதுக்குள்ளை தண்ணி நிரப்பிக் குளிச்சவனாம் ஒரு இந்தியாக்காரன்," என்றார் விஜயரத்தினம், சுவரோரக் கதிரையில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு. "கண் ரெண்டும் அவிஞ்சு போச்சாம். ட்ரம்மிலை கொட்டை எழுத்திலை, அதுவும் தமிழிலை, தொடாதை எண்டு எழுதிக் கிடந்ததாம். இப்ப பதினாலு வருசம் கழிச்சு கேஸ் நடக்குதாம்!"

"ஆளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதோ?" கணேசலிங்கத்தின் கத்தரிக்கோல் ஒரு கணம் நின்றது.

"வாசிக்கத் தெரிஞ்சவன் குளிப்பானே? சவர்க்காரச் செலவு மிச்சம் எண்டு நினைச்சானாக்கும்."

சலூன் சிரித்தது. கழுத்துவரை துணி போர்த்து நடுக் கதிரையில் இருந்த குகநாதனும் சிரித்தார். முன்னால் கண்ணாடி இருந்ததால், தான் சிரிப்பதைத் தானே பார்க்கவேண்டி வந்தது.

"குகண்ணை, நீங்களும் உப்பிடி ஒரு கேம்ப்பிலை நிண்டனீங்கள் எல்லோ?" என்றார் விஜயரத்தினம்.

"அது வேறை கேம்ப்," என்றார் குகநாதன்.

"தலையை ஆட்டாதேங்கோ அண்ணை, காது போயிடும்," என்றார் கணேசலிங்கம்.

வேறு கேம்ப் இல்லை. அதே கேம்ப்தான். அவிந்தது இரண்டு கண்ணும் இல்லை, இடது கண் மட்டும். குளிக்கவுமில்லை, முகம் கழுவினான். களவெடுக்கவுமில்லை. பட்டப்பகலில், வாசலில் நின்ற காவலாளிக்குச் சொல்லிவிட்டு உருட்டிக்கொண்டு போனான். ட்ரம்மில் எழுதியிருந்தது 'தொடாதை' என்றும் இல்லை. என்ன எழுதியிருந்தது என்பது குகநாதனுக்கு எழுத்து எழுத்தாகத் தெரியும். பெயின்ட் அடிக்க அந்த எழுத்தை அட்டையில் வெட்டியவரே அவர்தான்.

குகநாதனுக்கு இப்போது ஐம்பத்தாறு வயது. கிழக்கு லண்டனில் ஒரு கவுன்சில் ரீசைக்கிளிங் சென்டரில், ஆபத்தான கழிவுகளை வாங்கி வைக்கும் மூலையில் வேலை. பாதி தீர்ந்த பெயின்ட் டின், கார் பற்றரி, குழாய் விளக்கு, மறைந்த தகப்பனின் கராஜிலிருந்து மகன்மார் கொண்டுவரும் பெயரில்லாப் போத்தல்கள், எல்லாம் அவரிடம்தான் வரும். பெயரில்லாத போத்தலோடு வருகிறவரை அவர் லேசில் விடமாட்டார். என்ன இது, எப்போது வாங்கியது, எதற்கு, யார் வாங்கினார் என்று நான்கு கேள்வி கேட்பார். பிறகு கறுப்பு மார்க்கரால் தடித்த எழுத்தில் எழுதி ஒட்டுவார். எழுதியதைத் தள்ளி நின்று இரண்டு தடவை வாசிப்பார். கூட வேலை செய்பவர்கள் அவரைப் 'புரொபெசர்' என்று கூப்பிடுவது அதனால்தான்.

வீட்டிலும் அதே கதை. குசினியில் வினாகிரிக்கு ஒரு லேபல், நல்லெண்ணெய்க்கு ஒரு லேபல், பாத்திரம் கழுவும் திரவத்துக்கு இரண்டு மொழியில் இரண்டு லேபல்.

"எனக்கும் ஒண்டு ஒட்டிவிடுங்கோவன்," என்பா மனைவி கலாவதி. "கலாவதி, வெடிக்கக்கூடிய பொருள், வெய்யில் படாமல் வைக்கவும் எண்டு."

அதற்கு எல்லோரும் சிரிப்பார்கள். இந்த மனுசனுக்கு ஏன் இப்படி ஒரு நோய் பிடித்தது என்று யாரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

அவர் இளவயதில் ஜெர்மனியில் ஒரு சாயத் தொழிற்சாலையின் களஞ்சியத்தில் வேலை பார்த்தவர். பிறகு குடும்பத்தோடு லண்டனுக்கு வந்து பெற்றோல் ஷெட், சுப்பர்மார்க்கெட் என்று அலைந்தார். அந்த நேரத்தில்தான் படைத்தளங்களுக்கு ஆள் பிடிக்கும் ஒரு கம்பனி, இரசாயனம் கையாளத் தெரிந்தவர்கள் தேவை என்றது. இரண்டு வருடம். மகள் லக்‌ஷிகாவுக்கு ஏழு வயது. போனார்.

அங்கே அவருடைய பொறுப்பு கழிவு முற்றம். ஒரு படை எங்கே போய் முகாம் போட்டாலும் குண்டும் சோறும் மட்டும் கொண்டுபோவதில்லை, குப்பையும் செய்கிறது. வாகனங்களிலிருந்து வடித்த எண்ணெய், பற்றரி அமிலம், இயந்திரங்களில் கிறீஸ் கழுவும் திரவம், உடைந்த விளக்குகள். இவற்றை எரிக்கக் கூடாது, புதைக்கக் கூடாது. கப்பலில் ஏற்றித் திருப்பி அனுப்பவேண்டும். ஆனால் முகாம் இருந்த நாடு, தன் துறைமுகத்தால் அந்தக் கழிவு போவதற்கு முத்திரை குத்திய கடிதம் கேட்டது. கடிதம் கம்பனி தரவேண்டும் என்றது படை. படைதான் தரவேண்டும் என்றது கம்பனி. அந்த இழுபறியில் எட்டு மாதம் ட்ரம்கள் முற்றத்திலேயே கிடந்தன. வெய்யிலில் ஆங்கில லேபல்கள் வெளிறி வெற்றுக் காகிதமாகின.

அதைவிடத் தொல்லை வெறும் ட்ரம்கள். உள்ளே இருந்ததை வெளியே எடுத்தபின் மூன்று தடவை கழுவி, அடியில் ஓட்டை குத்திவிடவேண்டும், யாரும் திரும்ப எடுக்காதபடி. ஓட்டை குத்தும் கருவி உடைந்து இரண்டு மாதமாகியிருந்தது. கழுவத் தண்ணீரும் இல்லை. நல்ல நீல ட்ரம்கள், மூடியோடு, புதுசுபோலவே இருந்தன. உள்ளே இடமில்லாமல் வேலிக்கு வெளியே அடுக்கி வைத்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் தொழிலாளர் குடியிருப்பு. அங்கே பவுசர், அதுதான் தண்ணீர் வண்டி, ஒரு நாளைக்கு ஒரு முறைதான் வரும். பிடித்து வைக்கப் பாத்திரம் இல்லாமல் எல்லோரும் தவித்தார்கள்.

டயனா என்ற மேலாளர் ஒருநாள் வந்து பார்த்தாள். "இவர்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அவர்கள் மொழியிலேயே எழுதிவிடு, குகா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இந்த இடத்தில் பாலசுப்பிரமணியனைப் பற்றிச் சொல்லவேண்டும். ராமநாதபுரம் பக்கத்துக்காரன், முகாமின் சலவைக்கூடத்தில் வேலை. அவனும் குகநாதனும் பழகியது சாப்பாட்டுக் கூடத்தில்.

"தம்பி, அந்தப் பாவிக்காத பிளேட் ஒண்டு எடுத்துத் தாரும்," என்று குகநாதன் கேட்க, அவன் திரும்பிப் பார்த்து, "யாருண்ணே பாவி?" என்றான்.

"பாவி இல்லையப்பா. பாவிக்கிறது எண்டா நீங்கள் யூஸ் பண்ணுறது எண்டுவியள். பாவிக்காத எண்டா புதுசு. ஒருத்தரும் தொடாதது."

"அட! அப்ப உங்க ஊர்ல சாமான் யூஸ் பண்ற ஆளெல்லாம் பாவியா? பெரிய பாவிங்க ஊரா இருக்கும்போலயே."

அன்றிலிருந்து அவன் அந்தச் சொல்லை விடவில்லை. கழிவு முற்றத்துக்கு வந்து, குகநாதனின் குரலிலேயே இழுத்து, "அண்ணை, பாவிக்காத கிளவுஸ் ஒண்டு கிடக்கோ?" என்பான். சலவைக்கூடத்தில் வெந்நீரில் அவன் கை புண்ணாகும். குகநாதன் ஒரு சோடி எடுத்துக் கொடுப்பார். "பாவிக்காத சோப்பு கிடக்கோ? பாவிக்காத ஆபீசர் யாராவது கிடக்கோ?" அந்த முகாமில் குகநாதன் வாய்விட்டுச் சிரித்தது அவனோடுதான்.

டயனா சொன்ன அன்றே குகநாதன் ஒரு அட்டையை எடுத்து, எழுத்தை வெட்டி, ட்ரம்மில் வைத்துப் பெயின்ட் அடிக்க ஆயத்தம் செய்தார். 'பாவிக்காதே' என்று வெட்டுவதுதான் எண்ணம். பெரிய எழுத்தாகத் தொடங்கிவிட்டார். 'பாவிக்கா' முடிந்தபோது அட்டையில் ஒரேயொரு எழுத்துக்குத்தான் இடம் மிச்சம். 'தே' என்றால் கொம்பு போடவேண்டும். கொம்பு போட்டால் 'த' அட்டைக்கு வெளியே போகும். வேறு அட்டை எடுக்கக் களஞ்சியத்துக்கு நடக்கவேண்டும். சாப்பாட்டுக்கு மணியடித்துவிட்டது.

அவர் யோசிக்காமல் விட்டார் என்று சொல்லமுடியாது. ஒரு நிமிடம் யோசித்தார். இந்தியத் தமிழர்கள் போகாதே என்பதைப் 'போகாத' என்றுதானே சொல்கிறார்கள், செய்யாதே என்பதைச் 'செய்யாத' என்றுதானே சொல்கிறார்கள்? வாசிக்கப்போவது அவர்கள்தானே? அவர்கள் பேச்சுக்கு 'பாவிக்காத' என்றாலே விலக்குத்தான். கொம்பில்லாமல் 'த' வெட்டினார். அறுபத்திரண்டு ட்ரம்மில் சிவப்புப் பெயின்ட்டில் 'பாவிக்காத' என்று அடித்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டார்.

அவர் தன் சொல்லை எடுத்து அவர்கள் விகுதியைப் போட்டார். பாலசுப்பிரமணியனோ அந்தச் சொல்லைக் கற்றதே குகநாதனின் வாயிலிருந்து. குகநாதன் வாயில் அதற்கு ஒரே பொருள்தான்.

மூன்றாம் நாள் மாலை அவன் இரண்டு ட்ரம்மை உருட்டிக்கொண்டு போனான். பவுசர் வந்ததும் நிரப்பினான். வரிசையில் எல்லோருக்கும் முன்னால் தானே முகம் கழுவிப் பார்த்தான். ட்ரம்மில் மிஞ்சியிருந்தது கிறீஸ் கழுவும் திரவம். அவன் அலறியதைக் கேட்டு மற்றவர்கள் தொடாமல் விலகியதால் அவர்கள் தப்பினார்கள்.

மறுநாள் காலை மருத்துவக் கூடாரத்துக்குக் குகநாதன் போனார். இரண்டு கண்ணிலும் கட்டு.

"பாலா."

"அண்ணே, வந்துட்டீங்களா." அவன் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். "நீங்களே சொல்லுங்கண்ணே இவங்ககிட்ட. திருடுனேன்கிறாங்க. பாவிக்காததுன்னுதானே எழுதியிருந்துச்சு? புதுசுன்னுதானே அர்த்தம்? எங்க அண்ணன் எழுதுனது, தெரியாதா எனக்கு? நீங்க சொன்னா கேப்பாங்கண்ணே."

"சொல்லுறன்," என்றார் குகநாதன். "நீர் படுத்திரும். நான் சொல்லுறன்."

கூடாரத்திலிருந்து அலுவலகத்துக்கு இருநூறு அடி இருக்கும். அந்த இருநூறு அடியில் அவருக்கு என்னென்னவோ தோன்றியது. ஒரு மாதம் முன்பு இன்னொரு தளத்தில், கவனக்குறைவு என்று ஒருவரை அந்த நாட்டுப் பொலிஸிடம் பிடித்துக் கொடுத்ததாக ஒரு பேச்சு அடிபட்டது. உண்மையோ பொய்யோ, அவருக்கு ஈஸ்ட் ஹாமில் பள்ளிக்கூட உடுப்போடு நிற்கும் லக்‌ஷிகா நினைவில் வந்தாள். டயனா அறிக்கையை முன்னால் வைத்தாள். தொழிலாளியின் தாய்மொழியில் தெளிவான எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தது என்று ஒரு வரி.

"அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், குகா?"

"உபயோகிக்காதே."

"தெளிவாக?"

"தெளிவாக."

மொழிபெயர்ப்பாளர் என்ற இடத்தில் கையெழுத்து வைத்தார். பதினொரு நாளில் பாலசுப்பிரமணியனை ஊருக்கு அனுப்பினார்கள். திருட்டு, எச்சரிக்கையை மீறியது என்று இரண்டு காரணம். பஸ் ஏற்றும்போது குகநாதன் முற்றத்தில் ட்ரம்களை எண்ணிக்கொண்டு நின்றார். எண்ணவேண்டிய நாளல்ல அது.

சலூனில் கதை கேட்ட அந்தச் சனிக்கிழமை பின்னேரமே ஜம்புநாதன் வீட்டுக்கு வந்தார். கும்பகோணத்துக்காரர், கம்ப்யூட்டர் கம்பனியில் பெரிய வேலை, ஓய்வு நேரத்தில் இங்கே தமிழ்ச் சங்க வேலை பார்ப்பவர். கலாவதிக்குக் கோயிலில் பழக்கம். கலாவதி தேத்தண்ணி வைத்தா. அவர் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

நீல ட்ரம். சிவப்பு எழுத்து.

"ஒரு சின்ன ஹெல்ப் சார். அந்த மாதிரி பேஸ்கள்ல வேலை செஞ்சு உடம்பு கெட்டவங்களோட ஃபைலையெல்லாம் ஒரு விசாரணைக் குழு மறுபடி எடுத்துப் பாக்குது. தமிழ்ல இருக்கிறதை மொழிபெயர்க்க எங்க சங்கத்துக்கு அனுப்பியிருக்காங்க. ராமநாதபுரத்துலேர்ந்து ஒரு பொண்ணு, கோதைன்னு பேரு, அவங்க அப்பாவுக்காக எழுதிக் கேட்டிருக்கா. இதுதான் ஃபோட்டோ. எல்லாமே இந்த ஒரு வார்த்தையிலதான் நிக்குது. எங்க பக்கத்துல இந்த வார்த்தை கிடையாது சார். உங்க தமிழ்ல இதுக்கு என்ன அர்த்தம்? திங்கட்கிழமை அஞ்சு மணிக்குள்ள எழுதி அனுப்பணும்."

குகநாதன் படத்தைக் கையில் எடுக்கவில்லை. இவருக்கு என்னைத் தெரியாது என்று மட்டும் நினைத்தார். அறிக்கையில் பெயரை மறைத்துத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

"உது வந்து... பாவிக்காதே எண்டுதான். எடுக்கக் கூடாது எண்டு."

ஜம்புநாதனின் முகம் விழுந்தது. "அப்ப வார்னிங்தானா? அந்தப் பொண்ணு, அவங்க அப்பா புதுசுன்னு படிச்சார்னு சத்தியம் பண்றா சார். பாவம். பரவாயில்ல, இருக்கிறதைத்தானே எழுதணும்." கீழே கோதையின் தொலைபேசி இலக்கம் எழுதியிருந்த அந்தப் படத்தை மேசையிலேயே விட்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை லக்‌ஷிகா பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டு அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தாள். இருபத்தொரு வயது, இங்கே வளர்ந்த பிள்ளை. தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள்.

"பா-விக்-காத," என்றாள். "அப்பா, இது அன்யூஸ்ட் எல்லோ? அம்மா சொல்லுவா, பாவிக்காத பிளேட் எல்லாம் மேல் கபோட்டிலை எண்டு."

"ஓம், அதுதான்," என்றா கலாவதி குசினியிலிருந்து. "வேறை என்ன?"

கலாவதி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தா. "நேற்று நீங்கள் அவருக்கு வேறை மாதிரி எல்லோ சொன்னனீங்கள்?"

"சொன்னனான்."

"ஏன்?"

அவருக்கு ஒரு பொய் வந்தது. அவர்களுடைய பேச்சில் போகாத, வராத என்றால் விலக்குத்தான் என்ற அந்தப் பழைய நியாயம், பதினாலு வருடமாக மடித்து வைத்தது, வாய் வரை வந்தது. ஆனால் எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளை ஒரே மூச்சில் சொல்லிவிட்டதற்கு முன்னால் அது நிற்கவில்லை.

"அதை வெட்டினது நான்," என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அட்டையை, சாப்பாட்டு மணியை, கூடாரத்தை, கையெழுத்தை. நேற்றுச் சலூனில் சிரித்ததையும் சொன்னார். மற்றதெல்லாம் பயத்தில் செய்தது என்று சொல்லலாம். அந்தச் சிரிப்பை என்னவென்று சொல்வது?

கலாவதி கையிலிருந்த துணியை மேசையில் வைத்தா. கதிரையை இழுத்து இருந்தா. லக்‌ஷிகாதான் கேட்டாள்.

"அவர் உங்களை அண்ணா எண்டா கூப்பிட்டவர்?"

"ஓம்."

அவள் லாப்டொப்பைத் திறந்தாள். "சொல்லுங்கோ. நான் டைப் பண்ணுறன்."

ஜம்புநாதனுக்கு எழுதும் கடிதத்தின் முதல் பகுதி சுலபமாக வந்தது. இந்தச் சொல்லுக்கு இலங்கைத் தமிழில் 'இதுவரை உபயோகிக்கப்படாத' என்றுதான் பொருள். இரண்டாம் பகுதிக்கு ஒரு மணி நேரம் எடுத்தது. அதை எழுதியவன் நான். பிழை என்று காயப்பட்டவர் வாயாலேயே கேட்டபிறகும் கையெழுத்து வைத்தவன் நான். நேற்றும் பொய் சொன்னேன். லக்‌ஷிகா எதையும் மென்மையாக்காமல் அடித்தாள். ஒரு இடத்தில் அவர் "தவறுதலாக" என்றபோது தட்டுவதை நிறுத்தி அவரைப் பார்த்தாள். அவரே "வேண்டாம், அதை எடு" என்றார்.

"அனுப்பட்டா?"

"கொஞ்சம் பொறு. முதல் அவனுக்குச் சொல்லவேணும். வேறை ஆக்கள் சொல்லி அவன் கேட்கக் கூடாது."

"அது அவருக்காகவா அப்பா, உங்களுக்காகவா?"

குகநாதன் தொலைபேசியைக் கையில் எடுத்தார். அவன் கத்தினால், காறித் துப்பினால், அதைக் கேட்டுவிட்டு அனுப்புவதுதான் முறை என்று தோன்றியது. அவன் "பரவாயில்லண்ணே" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றும் தோன்றியது. அவன் அப்படிச் சொல்லக்கூடியவன். அதுதான் கூடப் பயமாக இருந்தது.

"நாளைக்கு அஞ்சு மணி," என்றாள் மகள்.

"தெரியும்."

"அவர் எடுத்தாலும் எடுக்காட்டிலும் இது போகும்."

"ஓம்."

படத்தின் அடியில் இருந்த இலக்கத்தை அவள் வாசிக்க, அவர் ஒவ்வொன்றாக அழுத்தினார். ராமநாதபுரத்தில் இப்போது மத்தியானம் கழிந்திருக்கும். ஞாயிறு என்பதால் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். மகள் எடுத்தால் யார் என்று சொல்வது? லண்டனிலிருந்து குகநாதன் என்றால் அந்தப் பெயர் அந்த வீட்டில் எப்படிப் பேசப்பட்டிருக்கும்? அவனே எடுத்தால், தம்பி என்பதா, பாலா என்பதா? கூடாரத்தில் "சொல்லுறன்" என்று சொல்லிவிட்டு வந்தவன், அதற்குப் பிறகு முதலாவதாக எந்தச் சொல்லைச் சொல்வது?

மணி போகத் தொடங்கியது. கலாவதி எழுந்து போய்க் குழாயை மூடிவிட்டு வந்து நின்றா. லக்‌ஷிகாவின் விரல் லாப்டொப்பில் அனுப்பும் பட்டனைத் தொடாமல் மேலே நின்றது. நான்காவது தடவை அடித்தது. ஐந்தாவது. குகநாதன் தொண்டையைச் செருமினார், ஒரு சொல்லும் தயாராக இல்லாமலே. அங்கே மணி அடித்துக்கொண்டிருந்தது.